தண்ணியில போடுறது

குரு என்றதும் நரைத்த தாடியும், சீடன் என்றதும் மழித்த இளந்தலையும் யாருக்காவது மனதில் வந்தால் அவற்றை இப்போதே இறக்கி வைத்துவிடலாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு, பெயர் ஜெசிந்தா. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, பெயர் தவசிமுத்து. தாடி இருந்தது சீடருக்குத்தான். அதுவும் ஞானத்தில் வளர்ந்ததல்ல; சிரைத்துக்கொண்டு எங்கே போகப் போகிறோம் என்ற அலுப்பில் வளர்ந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில், வெகுகாலம் பூட்டிக் கிடந்த உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றை மீனவர் சங்கம் கேட்டு வாங்கி வாசலில் பலகை மாட்டியது. ‘நெடுநாள் வேலையில்லாதோருக்கான வள்ளப் பட்டறை.’ வேலை போய் வருஷக்கணக்கில் வீட்டோடு இருப்பவர்கள் வரலாம். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு வள்ளம் கட்டலாம். கட்டியது கடலுக்குப் போகும். கட்டக் கற்றவர்கள் அடுத்த வள்ளத்துக்குக் கூலிக்கு வருவார்கள். திட்டம் அவ்வளவுதான்.

லாரி ஷெட்டில் வேலை பார்த்த மைதீனுக்குப் பலகையைப் பார்த்ததும் கோபம் வந்தது.

“பட்டறைன்னு போட்டா பத்தாதா? நெடுநாள்னு ஊருக்கே தமுக்கு அடிக்கணுமா?”

“குறுநாள்னு போட்டா உங்களுக்கு எடம் கெடைக்காதே அண்ணாச்சி,” என்றாள் இசக்கியம்மாள். அவள் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தவள். அங்கே பொழுதெல்லாம் பேசாமல் குச்சி அடுக்கியதற்கு இங்கே வட்டியும் முதலுமாகப் பேசினாள்.

ஜெசிந்தா ஓடாவி வீட்டுப் பெண். வள்ளம் கட்டும் தச்சரைக் கடற்கரையில் ஓடாவி என்பார்கள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் தவசிமுத்துவுக்கு முதல் சிக்கல். தங்கச்சி என்று கூப்பிடலாம், ஆனால் உளியைக் கீழே வைத்ததற்குத் திட்டுகிறவளைத் தங்கச்சி என்று எப்படிச் சொல்வது? டீச்சர் என்று சொல்லிப் பார்த்தார். யாரையோ கூப்பிடுகிறார் என்று அவள் திரும்பவே இல்லை. கடைசியில் மேஸ்திரி என்றார். “என்ன அண்ணாச்சி?” என்று பதில் வந்தது. அதுவே நிலைத்தது.

தவசிமுத்து கரிசல் காட்டுக்காரர். கடலை அவர் பார்த்ததெல்லாம் ஆடி அமாவாசைக்குக் குளிக்க வந்தபோதுதான். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நூல் மில்லில் வேலை. என்ன வேலை என்றால், பழுது பார்க்கிற வேலை. ஓடுகிற நூலில் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் வசவு. அந்தக் கண்ணை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார் என்று அவர் மனைவி லீலாவதி சொல்வாள். சாம்பாரில்கூட முதலில் பழுதுதான் பார்ப்பாராம்.

மகளுக்குக் கல்யாணமான மறு வருஷமே மில்லைப் பூட்டினார்கள். அது ஆயிற்று ஏழு வருஷம். பார்க்க நூல் இல்லாமல் போகவும் அவர் தன்னையே பார்க்க ஆரம்பித்தார். அந்தக் கண்ணுக்கு எதிரே எந்த மனுஷன் தேறுவான்?

கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. போனால் “இப்ப என்ன பாக்குதிய?” என்று யாராவது கேட்பார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அதிலும் சம்பந்தி சித்திரைவேல் கேட்டுவிடக் கூடாது. அவர் பட்டறைக்கு அடுத்த ஊர்க்காரர், பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்டார். தவசிமுத்து ஒரு வருஷம் பஞ்சு வியாபாரம் என்றார், இன்னொரு வருஷம் இடம் பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். பிறகு பொங்கலன்று அவருக்கு ஜுரம் வரத் தொடங்கியது. வருஷம் தவறாமல் வந்தது.

பட்டறைக்கும் அவராக வரவில்லை. லீலாவதி பஸ்ஸில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற மாதிரி. முதல் நாள் சாயங்காலமே நின்றுவிட நினைத்தவரைப் பஞ்சுதான் பிடித்து நிறுத்தியது.

வள்ளத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருக்கும். அதில் பஞ்சைத் திரியாகத் திரித்து, மழுங்கிய உளியால் தட்டி இறக்க வேண்டும். அதற்குக் கலப்பத்து என்று பெயர். மற்றவர்கள் திரித்தது கோழி கிளறிய குப்பையாக இருந்தது. தவசிமுத்து ஒரு பிடி பஞ்சை எடுத்தார், விரலால் நீவினார், தொடையில் வைத்து உருட்டினார். ஏழு வருஷமாகச் சும்மா இருந்த கை எதையும் மறக்கவில்லை. ஜெசிந்தா அந்தத் திரியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உளியை அவர் கையில் கொடுத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனவர் சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று லீலாவதி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவர் கேட்டார்.

“மேஸ்திரி, நல்ல வள்ளம்னா எது?”

“நீங்க சொல்லுங்க.”

“ஒழுகாததுதான்.”

“அப்படி ஒண்ணை நான் பாத்ததில்லையே அண்ணாச்சி,” என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று அவர் சிரித்து வைத்தார்.

வேலை நடந்தது. ஏரா என்கிற அடிக்கட்டையின் மேல் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. மைதீன் ஆணி அடித்தார், இசக்கியம்மாள் வாயாலும் கையாலும் இழைப்புளி தள்ளினாள், தவசிமுத்து இடுக்கு இடுக்காகப் பஞ்சு திணித்தார். அவர் ஓங்கி அடிக்கும்போதெல்லாம் ஜெசிந்தா சொன்னாள்.

“ரொம்ப இறுக்காதிய. பலகைக்கு எடம் விடுங்க.”

எடம் விட்டால் தண்ணீர் வராதா என்று கேட்க நினைப்பார். குருவிடம் பழுது சொல்வது எப்படி என்று வாயை மூடிக்கொள்வார். சந்தோஷமாகத்தான் இருந்தார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் எழுந்ததும் போக ஓர் இடம் இருந்தது, போனதும் திட்ட ஓர் ஆள் இருந்தாள். மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தாடிகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை காணாமல் போயிற்று.

பிறகு ஒரு புதன்கிழமை ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“வெள்ளிக்கெழமை காலையில வள்ளத்தைத் தண்ணியில போடுதோம்.”

கரிசல் காட்டுக்காரரின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

அன்று சாயங்காலம் தவசிமுத்து தானாகப் போனை எடுத்தார். லீலாவதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

“சம்பந்தி, நான்தான். சொகமா இருக்கியளா? ஒண்ணுமில்ல... நாங்க ஒரு வள்ளம் கட்டியிருக்கோம். ஆமா, நாங்கதான். வெள்ளிக்கெழமை தண்ணியில போடுதோம். நீங்க வரணும். கண்டிப்பா வரணும்.”

அவர் போனை வைத்ததும் லீலாவதி உள்ளே போய், பெட்டியிலிருந்து அவருடைய வெள்ளை வேட்டியை எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, கிட்டங்கிக்குப் பின்னால் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடையின் கரைக்கு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். மைதீன் கிழிந்த பனியனோடு நின்றார். இசக்கியம்மாள் பழைய சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். அந்த நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து தவசிமுத்து வெள்ளை வேட்டியில் இறங்கினார். பின்னால் பட்டுச்சேலையில் லீலாவதி, கையில் சம்பங்கி மாலை. அவளுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் சித்திரைவேல், கையில் அல்வாப் பொட்டலம்.

ஜெசிந்தா மாலையைப் பார்த்தாள். அல்வாவைப் பார்த்தாள். தவசிமுத்துவைத் தனியே கூப்பிட்டாள்.

“யாரு அண்ணாச்சி இவுகள்லாம்?”

“எம் பொண்டாட்டி. அது எம் மகளுக்கு மாமனாரு. நீங்கதான மேஸ்திரி தண்ணியில போடுதோம்னு சொன்னிய?”

“ஆமா, தண்ணியில போடுதோம்னுதான் சொன்னேன். இறக்குதோம்னு சொன்னேனா?”

“ரெண்டும் ஒண்ணுதான?”

“இறக்குறதுன்னா மாலை போட்டு, சாமியாரு மந்திரிச்சு, கடல்ல விடுறது. தண்ணியில போடுறதுன்னா ஊறப் போடுறது. உளுந்து போடுறோம்லா, அது மாதிரி. காய்ஞ்ச பலகை அண்ணாச்சி. தண்ணி குடிச்சு ஊதுனாத்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும். அது வரைக்கும்...”

“அது வரைக்கும்?”

“முங்கிக் கெடக்கும்.”

ஊரில் பிறந்த மைதீனுக்குத் தெரியும், இசக்கியம்மாளுக்குத் தெரியும், ஓடையில் மேய்கிற வாத்துக்குக்கூடத் தெரிந்திருக்கும். தவசிமுத்துவுக்குத்தான் தெரியாது. ஏழு வருஷம் ஒளிந்து திரிந்துவிட்டு, வெளியே வந்த முதல் நாளில் முங்குவதைப் பார்க்கவா சம்பந்தியை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தோம்?

“மேஸ்திரி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். அவுக போனப்புறம் போடலாம். ஏதாவது சொல்லி அனுப்பிச்சிருதேன். ஒரு மணி நேரம் பொறுங்க.”

ஜெசிந்தா ஓடையைப் பார்த்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

“வந்து தோள் குடுங்க அண்ணாச்சி,” என்றாள்.

அவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். நாலு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். வள்ளம் வழுக்கிக்கொண்டு இறங்கி, ஒரு குலுங்கு குலுங்கி, அழகாக மிதந்தது. லீலாவதி மாலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சித்திரைவேல் முன்னால் வந்து நின்றார்.

அப்புறம் இடுக்குகளில் தண்ணீர் முத்து முத்தாக வந்தது. முத்து கோடாயிற்று. எல்லாப் பக்கமும் ஒரே சீராக வந்தது. மில்லில் அந்தச் சீருக்குப் பரிசு கொடுத்திருப்பார்கள். வள்ளம் மெல்ல மெல்ல உட்கார்ந்தது.

தவசிமுத்து வாளியை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்தார். கோரிக் கோரி வெளியே ஊற்றினார். ஜெசிந்தா பக்கத்தில் போய் வாளியைப் பிடித்தாள்.

“விடுங்க மேஸ்திரி!”

“கோரக் கூடாது.”

“எல்லாரும் பாக்காக!”

“பாக்கட்டும். நெறையட்டும்.”

வாளியை வாங்கிக் கரையில் எறிந்தாள். வள்ளம் விளிம்பு வரை முங்கி, எருமை மாதிரி நிம்மதியாகக் கிடந்தது. அப்போதுதான் சித்திரைவேல் வாயைத் திறந்தார்.

“இதுல நீங்க என்ன வேலை பாக்குதிய சம்பந்தி?”

அதே கேள்வி. பஞ்சு வியாபாரம் என்று சொல்ல முடியாது. ஜுரம் வரவும் நேரமில்லை. தவசிமுத்து குருவைப் பார்த்தார், தனக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று. அவள் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“தண்ணி வந்துச்சுல்லா சம்பந்தி,” என்றார் தவசிமுத்து. “அந்த வழியெல்லாம் அடைச்சது நான்தான்.”

இசக்கியம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் மைதீனின் முதுகுக்குப் பின்னால் போனாள். சித்திரைவேல் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். முங்கிக் கிடந்த வள்ளத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அல்வாவை லீலாவதியிடம் கொடுத்தார்.

“சரி, நான் வாரேன்,” என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

மறுநாள் தவசிமுத்து எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்துத் தலை வரை மூடிக்கொண்டார். இனி வெளியே போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். பழைய ஜுரம் வந்தாகிவிட்டது. லீலாவதி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

“முங்குனது வள்ளம். நீங்க எதுக்குப் போத்திக்கிட்டுக் கெடக்கிய?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“ஊறப் போட்டதை ஒரு எட்டுப் போயாவது பாக்க வேண்டாமா?” என்றாள். “நான் உளுந்து போட்டா ராத்திரி ஒரு தடவை எந்திரிச்சுப் பாக்கத்தான செய்தேன்.”

அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அவர் எழுந்தார் என்று நினைக்க வேண்டியிருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஓடைக்குப் போனார். வள்ளம் முங்கியபடியே கிடந்தது. உள்ளே மீன்குஞ்சுகள் குடியேறியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெசிந்தா வந்தாள், வராததற்கும் ஒன்றும் கேட்கவில்லை, வந்ததற்கும் ஒன்றும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து அவளே வாளியை அவர் கையில் கொடுத்தாள்.

“இப்ப கோருங்க.”

கோரினார். மறுநாள் பார்த்தால் பாதிக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. மறுபடி கோரினார். அடுத்த நாள் முழங்காலுக்கு வந்தது. பிறகு கணுக்காலுக்கு. இடுக்கைத் தொட்டுப் பார்த்தார். அவர் அன்று விட்டிருந்த இடத்தையெல்லாம் பலகை வந்து எடுத்துக்கொண்டிருந்தது. பஞ்சு எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று பழுது பார்த்த விரலுக்கே பிடிபடவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. யாரும் பார்க்கவில்லை என்பதால் துடைக்கவும் இல்லை.

உண்மையாகவே இறக்குகிற நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் காலை, இருவரும் ஓடையில் மிதக்கிற வள்ளத்துக்குள் உட்கார்ந்து உட்புறத்துக்கு மீன் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். வள்ளம் லேசாக ஆடியது. அடியில் கொஞ்சம் ஈரம் இருந்தது. அதை ஒழுகல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தவசிமுத்துகூடச் சொல்லவில்லை. ஆனால் வெகுநாளாக நெஞ்சில் கிடந்த ஒன்றை அன்று கேட்டுவிட்டார்.

“மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“அன்னைக்கு அவுக முன்னாடி முங்கும்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“நான் கும்பிட்டுக் கேட்டேன். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா எம் மானம் தப்பிச்சிருக்கும். சம்பந்தி அன்னைக்குப் போனவருதான், ஒரு வார்த்தை பேசலை. ஏன் பொறுக்கலை நீங்க?”

ஜெசிந்தா துணியை எண்ணெயில் முக்கிப் பிழிந்தாள்.

“உங்க சம்பந்தி காலையில என்ன செய்வாரு அண்ணாச்சி?”

“நடப்பாரு. சக்கரை இருக்கு. ரயில்வே கேட்டு வரைக்கும் போயிட்டு வருவாரு. எதுக்கு?”

“இப்ப கேட்டுக்குப் போகலை. இங்கதான் வாராரு.”

தவசிமுத்துவின் கை நின்றது.

“எப்பலருந்து?”

“மறுநாள்லருந்தே. நீங்க போத்திக்கிட்டுக் கெடந்தியளே, அன்னைக்கும் வந்தாரு. விடிஞ்சும் விடியாமலும் வந்து கரையில நிப்பாரு. தண்ணி கொறைஞ்சிருக்கான்னு கேப்பாரு. நேத்து செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு எறங்கிட்டாரு. இடுக்கு இடுக்கா கையை வச்சுத் தடவிப் பாத்தாரு. எல்லாம் சம்பந்தி அடைச்சதான்னாரு. ஆமான்னேன்.”

தவசிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுசன். நாளைக்கு இறக்கும்போது வந்து பாத்தாப் போதாதா? எதுக்குத் தெனமும் வரணும்?”

ஜெசிந்தா பூசி முடித்த பலகையை விட்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தாள்.

“மெதக்குற வள்ளத்தைப் பாக்க ஒரு தடவைதான் அண்ணாச்சி வருவாக.”